இப்பிடி எண்டால் எப்பிடி?

பூஷணி மலையைப் பார்த்ததே இல்லை.

அவள் பிறந்து வளர்ந்த அனலைதீவு தோசைக்கல்லைப் போலத் தட்டையானது. எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்து காலை நனைத்துவிடும். அங்கே நிமிர்ந்து பார்க்க வேண்டியவை என்றால் பனைமரங்களும் கோயில் கோபுரமும்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு மலைப் படம் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். பார்த்தால் கவிழ்த்து வைத்த சட்டி போல இருக்கும்.

அதனால்தான் இராசேஸ்வரி மாமி சொன்ன செய்தி அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

மாமி அப்பாவின் தங்கை. கடலுக்கு அந்தப் பக்கம் நாரந்தனையில் இருந்தார். நன்றாகத் தைப்பார். ஊர்காவற்றுறையில் சறோஜினிதேவி ரீச்சர் நடத்திய நடனப் பள்ளிக்கு உடுப்புகள் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

"வாற சனிக்கிழமை எங்கடை பிள்ளையள் ஆடுகினம். 'ஐந்து நிலம்' எண்டு பேர்," என்றார் மாமி. "மேடையிலை மலை வரும். காடு வரும். வயல் வரும். பாலைநிலம் வரும். கடைசியிலை கடலும் வரும்."

"மலை எப்பிடி மாமி மேடையிலை வரும்?" என்று கேட்டாள் பூஷணி.

"வந்து பாரன்," என்றார் மாமி. அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

சனிக்கிழமை பூஷணி அப்பாவோடு வள்ளம் ஏறினாள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அலை ஒன்று வள்ளத்தின் பக்கத்தில் மோதி, அவளுடைய புதுச் சட்டையில் பாதியை நனைத்தது. வள்ளம் கரை சேர்வதற்குள் அது காய்ந்து, உப்பு ஏறி, அப்பளம்போல விறைத்துவிட்டது.

அது எண்பத்தாறாம் ஆண்டு. போரால் இருட்டிய பிறகு கடலில் வள்ளங்கள் ஓடாத காலம். அதனால் நடன விழாவையும் வெயில் சாய்ந்ததுமே தொடங்கி, பொழுதுபட முன்னம் முடிப்பதாக இருந்தார்கள்.

"நான் புகையிலைக் கடைக்குப் போட்டுத் துறையடியிலை நிப்பன். முடிஞ்ச உடனை மாமியோடை வந்திட வேணும். கடைசி வள்ளத்தை விட்டால் நீந்தித்தான் போகலாம்," என்று சொல்லிவிட்டு அப்பா போனார்.

துறைக்குக் கிட்டவே ஒரு பள்ளிக்கூட முற்றம். அங்கே தென்னோலைக் கிடுகுப் பந்தல் போட்டு, அதன் ஒரு முனையில் மேடை கட்டியிருந்தார்கள். பந்தல் நிறையச் சனம். மாமி கையில் ஊசியும் நூலுமாக ஓடி வந்தார்.

"ஒரு மானின்ரை வால் கழண்டு போச்சு! நான் உள்ளுக்கை போகவேணும். நீ இந்தக் கதிரையிலை இரு. அசையாதை, என்ன?"

"ஓம், மாமி."

பூஷணி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு நேர் முன்னால் பெரிய கொண்டை போட்ட ஓர் அம்மா இருந்தார். கொண்டை என்றால் சாதாரணக் கொண்டை இல்லை. அதைச் சுற்றி மல்லிகைச் சரம் வேறு. பூஷணி இடப்பக்கம் சரிந்தால் பாதி மேடை தெரிந்தது. வலப்பக்கம் சரிந்தால் மற்றப் பாதி தெரிந்தது.

பக்கத்துக் கதிரையில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெயிலில் காய்ந்து கறுத்த முகம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு. முழங்கால்களில் வைத்திருந்த கைகள் பெரியவை, விரல்கள் கயிறுபோல முறுகியவை.

"பிள்ளை," என்றார் அவர். "முன்னாலை தொங்குற திரை என்ன நிறம்?"

பூஷணி திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். முன்னால்தானே தொங்குகிறது, இவர் ஏன் என்னைக் கேட்கிறார் என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் கவனித்தாள். அவருடைய கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் அவை திரையையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

"சிவப்பு, மாமா," என்றாள். "ஓரத்திலை ஒரு ஓட்டையும் இருக்கு. அதுக்குள்ளாலை ஒரு கண் எங்களைப் பாக்குது."

அவர் பெரிதாகச் சிரித்தார். "அது என்ரை மகளின்ரை கண்ணாத்தான் இருக்கும்!"

அவருடைய பெயர் இராயப்பு. கண்ணில் நோய் வந்து பார்வை போகும்வரை கடலில் மீன்பிடித் தொழில் செய்தவர். மகள் கத்தரீனா அன்றைக்குத்தான் முதன்முதலாக மேடை ஏறுகிறாள்.

"எனக்குக் கண் போன பிறகுதான் அவள் நடனம் பழகத் துவங்கினவள்," என்றார். "அவள் ஆடி நான் ஒருநாளும் கண்டதில்லை."

"அப்ப எப்பிடி மாமா பாப்பியள்?" என்று கேட்டுவிட்டுப் பூஷணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கோபிக்கவில்லை. "மனிசி பக்கத்திலை இருந்து ஒவ்வொண்டாச் சொல்லுறதாத்தான் இருந்தது. காலமை அவவுக்குச் சரியான காய்ச்சல். எழும்ப ஏலாது. பக்கத்து வீட்டுக்காரர்தான் என்னைக் கொண்டுவந்து இருத்திப்போட்டுப் போட்டார். பரவாயில்லை. சதங்கைச் சத்தமாவது காதிலை விழும்தானே."

'பரவாயில்லை' என்று அவர் சொன்ன விதம் பூஷணிக்குப் பிடிக்கவில்லை. பசிக்கிற பிள்ளை 'வேண்டாம்' என்று சொல்வதுபோல அது இருந்தது.

"நான் சொல்லுறன், மாமா," என்றாள் உடனே. "ஒண்டும் விடாமல் சொல்லுறன்."

"மெய்யாவோ? அப்ப இண்டைக்கு எனக்கு நல்ல காலம்தான்."

மிருதங்கம் ஒருமுறை முழங்கி நின்றது. திரை விலகியது.

மேடை வெறுமையாக இருந்தது. நடுவில் ஒரு பச்சைத் துணிக் குவியல், அவ்வளவுதான். வயலின் மெல்ல இழுத்தது. பாடுகிறவர் வாய்க்குள் முணுமுணுப்பதுபோலத் தொடங்கினார்.

குவியல் அசைந்தது.

அது எழும்பியது. இன்னும் எழும்பியது. உள்ளே ஒளிந்திருந்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வாங்குப் பலகைகளின் மேல் ஏற, துணி அவர்களோடு மேலே மேலே போனது. இராசேஸ்வரி மாமி ஒட்டித் தைத்த பச்சைச் சேலைகள் எல்லாம் மடிப்பு மடிப்பாக விழுந்து சரிவுகளாயின. உச்சியில் நின்ற பிள்ளை கைகளை விரித்ததும் வெள்ளை வலைத்துணி ஒன்று மிதந்து வந்து மேகமாகத் தங்கியது. அடுத்த கணம் வெள்ளிச் சரிகை ஒன்று உச்சியிலிருந்து அடிவரை வழிந்து விழுந்தது. அருவி!

பூஷணியின் தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. வாய் திறந்தபடி இருந்தது. உள்ளே பிள்ளைகள் மூச்சு விட, பச்சைச் சரிவு ஏறி இறங்கியது. மலையே மூச்சு விட்டது. அது கவிழ்த்து வைத்த சட்டி இல்லை. உயிரோடு எழுந்து நின்று அவளைக் குனிந்து பார்க்கிற ஒன்று.

"ஆ!" என்றது பந்தல் முழுவதும்.

"பிள்ளை... பிள்ளை... எல்லாரும் ஏன் 'ஆ' எண்டினம்?"

பூஷணி திடுக்கிட்டாள். ஒன்றும் விடாமல் சொல்கிறேன் என்றவள் முதல் வேலையாகச் சொல்வதையே மறந்துவிட்டாள்!

"மலை வந்திட்டுது, மாமா!"

"எப்பிடி இருக்கு?"

"பெரிசா இருக்கு!"

"எவ்வளவு பெரிசு?"

"சரியான பெரிசு! பச்சை... உயரம்... மேலை மேகம்..." சொற்கள் முடிந்துவிட்டன. மலையில் பாதியைக்கூட அவள் சொல்லவில்லை. அதற்குள் ஒரு மயில் மேடைக்கு வந்துவிட்டது. "ஐயோ மாமா, ஒரு அக்கா மயிலா வாறா! கையை இப்பிடி வைச்சிருக்கிறா."

"எப்பிடி?"

"இப்பிடி, மாமா, இப்பிடி!"

"இப்பிடி எண்டால் எப்பிடி, பிள்ளை?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

"உஷ்!" முன்னால் இருந்த கொண்டை அம்மா திரும்பினார். "பிள்ளை, சத்தம் போடாதையும்!"

பூஷணிக்கு அழுகை வரும்போல இருந்தது. பேசக் கூடாது. பேசினாலும் சொல் காணாது. மேடையில் மயில் கழுத்தை வெட்டி வெட்டி ஆடிக்கொண்டிருந்தது. அதன் தலையும் அலகும் எல்லாம் அந்த அக்காவின் ஒரு கைக்குள்ளேயே இருந்தன. மோதிர விரல் பெருவிரலைத் தொட்டது. மற்ற விரல்கள் கொண்டைப்பூப்போல நீண்டு நின்றன.

ஒரு கைக்குள்ளேயே!

அவள் சட்டென்று இராயப்புவின் வலக்கையைப் பிடித்தாள். அவருடைய மோதிர விரலை வளைத்துப் பெருவிரலோடு சேர்த்தாள். லேசில் வளையவில்லை. வலை இழுத்து இழுத்து விறைத்துப்போன விரல் அது. மற்ற விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். பிறகு அந்தக் கையை முன்னும் பின்னும் மெல்ல வெட்டி ஆட்டினாள்.

இராயப்பு இடக்கையைக் கொண்டுவந்து தன் வலக்கையைத் தானே தடவிப் பார்த்தார். கூரான அலகு. நீண்ட கழுத்து. தலையில் பூ.

"மயில்," என்றார், காற்றைப்போல மெல்லிய குரலில்.

அப்படியென்றால் மலையையும் காட்டலாம்! அவருடைய இரண்டு கைகளையும் எடுத்து, விரல் நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்து, முழங்காலடியில் தொடங்கினாள். மெதுவாக உயர்த்தினாள். நெஞ்சளவு. முகமளவு. தலைக்கு மேல். இன்னும் மேல். அவள் கதிரையில் ஏறி முழங்காலில் நிற்கவேண்டியிருந்தது. உச்சியில் அவருடைய விரல்களை விரித்துவிட்டு, ஒற்றை விரலால் அவருடைய உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை கோடிழுத்தாள். அருவி விழுந்தது.

மலை இறங்கும்போது கொண்டை அம்மாவின் மல்லிகைச் சரத்தில் லேசாக இடித்தது. நல்ல வேளை, அவர் திரும்பவில்லை.

"ஏன் 'ஆ' எண்டவை எண்டு இப்ப விளங்குது," என்றார் இராயப்பு.

அதன் பிறகு பூஷணிக்கு ஓய்வே இல்லை. மேடையில் காடு வந்தது. நடுவிரல்கள் இரண்டும் பெருவிரலோடு சேர, மற்ற இரண்டும் காதுகளாக நிமிர, இராயப்புவின் கைகளிலும் மான்கள் துள்ளின. வயல் வந்தது. பிள்ளைகள் நீலத்துணியை நீளமாகப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடினார்கள். பூஷணி கண் வெட்டாமல் பார்த்தாள். கடலுக்கு ஒரு கரைதான். இதற்கு இரண்டு பக்கமும் கரை!

அவள் அவருடைய காதுக்குள் கேட்டாள். "மாமா, ஆறு எண்டால் மெய்யாவே உப்பில்லாமல் ஓடுமோ?"

"ஓம். மன்னார்ப் பக்கம் தொழிலுக்குப் போகேக்கை கண்டிருக்கிறன். அள்ளிக் குடிச்சனான்."

ஓடுகிற தண்ணீரை அள்ளிக் குடிப்பது! பூஷணி அதை நினைத்து வியந்து முடிப்பதற்குள் பாலைநிலம் வந்துவிட்டது. மேடையில் ஒருத்தி மட்டும் நடந்தாள். வேறு ஒன்றும் இல்லை. அவள் கால் வைக்கிற இடமெல்லாம் சுட்டது. பார்த்தவர்களுக்கே தொண்டை வறண்டது. கொண்டை அம்மா பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கடகடவென்று குடித்தார்.

பிறகு விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன.

"கடல் வருது," என்றாள் பூஷணி.

இராயப்பு சேட்டை இழுத்துச் சரிசெய்தார். "இதிலை நடுவிலை ஆடுறது என்ரை மகள்தான்," என்றார்.

கடலில் என்ன புதுமை இருக்கப்போகிறது என்றுதான் பூஷணி நினைத்திருந்தாள். வரும்போதுகூட அது அவளுடைய சட்டையை நனைத்ததே. ஆனால் மேடையின் ஓரத்திலிருந்து சின்னப் பிள்ளைகள் வரிசையாக ஓடி வந்து, குனிந்து, நிமிர்ந்து, கைகளைச் சுருட்டிப் பின்வாங்கியபோது அவள் அதிசயித்துப் போனாள். அலை இப்படித்தானே வரும்! ஒன்று போக முன்னமே மற்றது வரும். வந்து கரையைத் தொட்டுவிட்டு, வெட்கப்பட்டதுபோலத் திரும்பி ஓடும். ஒவ்வொரு நாளும் பார்த்த கடலை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அலைகளுக்கு நடுவில் கத்தரீனா வந்தாள். மெலிந்து உயர்ந்த பிள்ளை. நீலச்சேலையும் பெரிய கண்களும். கரையில் நின்று கையை நெற்றியில் வைத்துத் தூரத்தைப் பார்த்தாள்.

பூஷணி இராயப்புவின் கையை எடுத்து அவருடைய நெற்றியிலேயே வைத்தாள்.

"என்னத்தைப் பாக்கிறாள்?"

"வள்ளத்தை. இன்னும் வரேல்லை."

பாட்டு வேகம் பிடித்தது. அலைகள் பெருத்தன. கத்தரீனா மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினாள். கால்கள் இரண்டும் மழைபோலப் பொழிந்தன. சதங்கைச் சத்தம் பந்தலை நிறைத்தது.

அப்போதுதான் அது நடந்தது.

அவளுடைய வலக்காலில் கட்டியிருந்த வார் அறுந்தது. சதங்கை மணிகள் கலகலவென்று மேடை முழுவதும் சிதறி ஓடின.

கூட்டத்தில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. இராயப்பு மட்டும் விசுக்கென்று எழும்பிவிட்டார்.

"என்ன அது? என்னவோ கொட்டுப்பட்டது! பிள்ளை, என்ன நடந்தது?"

பூஷணி அவருடைய சேட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். 'ஒண்டும் இல்லை, மாமா' என்று சொல்லிவிடலாம். அது மிகவும் சுலபம். அவருக்குத் தெரியவா போகிறது? ஆனால் இவ்வளவு நேரமும் அவர் அவளை நம்பித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பொய் சொன்னால் இந்த இடத்திலிருந்து அவருக்கு எல்லாமே இருட்டு.

"சதங்கை அறுந்து மணியெல்லாம் சிதறிப் போச்சு," என்றாள் மெதுவாக.

இராயப்பு மேடைப் பக்கம் காதைத் திருப்பினார். "ஆட்டத்தை விட்டிட்டாளோ?"

"பொறுங்கோ, மாமா... நிக்கிறா."

கத்தரீனா நின்றுதான் போயிருந்தாள். வெறும் காலோடு சின்ன அலைகள் ஓடி வருகின்றன. மணியில் மிதித்தால் வழுக்கி விழுவார்கள். அவளுடைய கண்கள் ஒருகணம் மேடையோரத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ரீச்சரைப் பார்த்தன. ரீச்சரும் அவளைத்தான் பார்த்தார்.

கத்தரீனா சேலை முந்தானையை மடியாகப் பிடித்தாள். அலை பின்வாங்கிய இடத்தில் குனிந்தாள். ஒரு மணியை எடுத்தாள். அது மணி இல்லை, சிப்பி! வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லி, மடியில் போட்டாள். இரண்டு அடி ஆடிப்போய் அடுத்ததை எடுத்தாள். ரீச்சரின் தாளம் உடனே மெதுவானது. பாடுகிறவர் அதே அடியைத் திரும்பவும் பாடினார். மிருதங்கம் ஒவ்வொரு சிப்பிக்கும் ஒரு சொல் கொடுத்தது.

பூஷணி இராயப்புவின் இடக்கையைக் குழித்து மடியாக்கினாள். அவருடைய வலக்கை விரல்களைக் கூட்டி எடுத்து, குனிந்து, பொறுக்கி, அந்த மடியில் இட்டாள். இன்னொன்று. இன்னொன்று.

"சிப்பி பொறுக்கிறாள்," என்றார் இராயப்பு. "என்ரை பிள்ளை சிப்பி பொறுக்கிறாள்!"

ஆனால் எல்லாம் முடியவில்லை. அலைகளிலேயே மிகச் சின்ன அலை ஒன்று நடுமேடையில் நின்றுவிட்டது. அதன் காலடியில் ஒரு மணி. என்ன செய்வதென்று தெரியாமல் உதடு பிதுங்கியது. இன்னும் ஒரு நொடியில் அலை 'அம்மா' என்று அழப்போகிறது.

கத்தரீனா சுழன்று வந்து அதன் முன்னால் முழங்காலில் இருந்தாள். அந்த மணியை எடுத்தாள். உள்ளங்கைக்குள் பொத்தி, சின்னவளின் காதோடு வைத்தாள். கேட்கிறதா, உள்ளே கடல் இரைகிறதா என்று புருவத்தால் கேட்டாள்.

பாட்டும் மிருதங்கமும் ஒருகணம் நின்றன. வெளியே உண்மையான கடல் இரைந்தது எல்லோருக்கும் கேட்டது.

சின்ன அலை தலையைச் சரித்துக் கேட்டது. பிறகு முன்பல் விழுந்த வாயால் சிரித்தது.

பூஷணியின் கண்கள் நிறைந்துவிட்டன. மேடை மங்கலாகத் தெரிந்தது. அவள் இராயப்புவின் பெரிய கையைப் பொத்தி, அவருடைய காதோடு மெல்ல அணைத்து வைத்தாள்.

இராயப்பு கையைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அலைகள் மேடையை நிறைத்து, வள்ளம் கரை சேர்ந்து, திரை மூடி, சனம் எல்லாம் எழும்பி நின்று கைதட்டி முடியும்வரை அப்படியே இருந்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் கொண்டை அம்மா பின்னால் திரும்பினார். சரி, இப்போது கிடைக்கப் போகிறது என்று பூஷணி தலையைக் குனிந்தாள்.

"பிள்ளை," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "நீர் பிறகு ஏன் சொல்லாமல் விட்டனீர்? எனக்கு முன்னாலை இருந்த மனிசன் மேடையை மறைச்சுக்கொண்டு இருந்தவர். நீர் சொல்லுறதைக் கேட்டுத்தான் நான் பாத்துக்கொண்டிருந்தனான். நான் 'உஷ்' எண்டது சத்தம் போடாமல் சொல்லும் எண்டுதான்!"

இராயப்பு விழுந்து விழுந்து சிரித்தார். பூஷணிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போது கத்தரீனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முகத்துப் பூச்சு வியர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது. பின்னால் இராசேஸ்வரி மாமியும் வந்தார்.

"அப்பா! எல்லாம் நல்லா நடந்தது, அப்பா," என்றாள் கத்தரீனா மூச்சு வாங்க. "ஒரு பிழையும் இல்லை."

"அப்பிடியோ?" என்றார் இராயப்பு.

அவர் கையை நீட்டி மகளின் முகத்தைத் தேடிப் பிடித்தார். உள்ளங்கையைக் குழித்து அவளுடைய காதில் வைத்தார்.

"சின்னவளுக்கு இப்பிடித்தானே காட்டினனீ?"

கத்தரீனா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கு... மணி சிதறினது..."

"சிதறினது எனக்குக் கேட்டது. நீ பொறுக்கினதை இந்தப் பிள்ளைதான் காட்டினது." அவர் பூஷணியின் தோளைத் தட்டினார். "இவ்வளவு சனத்திலையும் ஒருத்தருக்கும் பிழை எண்டு தெரியேல்லை, பிள்ளை. தெரிஞ்ச எனக்கும் அது பிழையாப் படேல்லை."

கத்தரீனா கையின் பின்புறத்தால் கண்களைத் துடைத்தாள். கண்மை கன்னம் வரை இழுபட்டு, அவள் பூனைக்குட்டி மாதிரி ஆனாள். பூஷணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆவலோடு கேட்டாள்.

"தங்கச்சி, அந்த மலை எப்பிடி இருந்தது? நான் உள்ளுக்கை நிண்டனான். ஒண்டுமே காணேல்லை."

"நானும்தான்," என்றார் இராசேஸ்வரி மாமி பெருமூச்சோடு. "அவ்வளவு சேலையும் தைச்சது நான். எழும்பினதைப் பாக்கக் குடுத்துவைக்கேல்லை. மானின்ரை வாலோடை மல்லுக்கட்டிக்கொண்டு நிண்டனான். சரி சரி, பூஷணி, வா! வள்ளம் விடப்போறான்."

"ஒரு நிமிசம், மாமி," என்றாள் பூஷணி. மலையை எப்படிச் சொல்வது? அவள் வாயைத் திறந்தாள். "அது... இப்பிடி..."

"இப்பிடி எண்டால் எப்பிடி?" என்றாள் கத்தரீனா.

"பொறு, பிள்ளை. நான் காட்டுறன்," என்றார் இராயப்பு.

அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். தடித்த விரல்களின் நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்து முழங்காலடிக்குக் கொண்டுபோனார். கத்தரீனா அவர் முன்னால் நிலத்தில் இருந்துவிட்டாள். கொண்டை அம்மா கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வள்ளத்துக்கு அவசரப்பட்ட மாமி ஊசியைச் சேலையில் குத்திவிட்டு, மெல்ல ஒரு கதிரையை இழுத்தார்.

இராயப்புவின் கைகள் மெதுவாக, மிக மெதுவாக மேலே எழுந்தன. எல்லோருடைய தலைகளும் தாமாகப் பின்னால் சாய்ந்தன.